வொர்க் ஃப்ரம் ஹோம்: ஆள் லாகினில், மனசு எங்கே? ஐ.டி. டீம்களை ஒட்ட வைப்பது எது? - முழு விளக்கம்

காலை 9.30 மணி. ஸ்டாண்ட்-அப் மீட்டிங். திரையில் 11 வட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயரின் முதல் எழுத்து மட்டும். ஒரு கேமராகூட ஆன் ஆகவில்லை.

"நேத்து அந்த டிக்கெட்ல வொர்க் பண்ணேன். இன்னைக்கும் அதேதான். நோ பிளாக்கர்ஸ்."

அடுத்தவரும் கிட்டத்தட்ட அதே வரியைச் சொல்கிறார். 12 நிமிடத்தில் மீட்டிங் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு மாலை வரை, அந்த 11 பேரில் சிலர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

வேலை நடக்கிறது. டெட்லைனும் தவறவில்லை. ஆனால் மூன்று மாதம் கழித்து, அமைதியாக இருந்த ஒருவரிடமிருந்து ராஜினாமா மெயில் வருகிறது. "நல்லாத்தானே போயிட்டு இருந்துச்சு?" என்று மேனேஜர் அதிர்ச்சி அடைகிறார்.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஐ.டி. டீம்களுக்கு இது பழக்கப்பட்ட கதைதான். இதற்கு என்ன காரணம்? ஆய்வுகள் என்ன சொல்கின்றன? மேனேஜர்களும் ஊழியர்களும் என்ன செய்யலாம்? விரிவாகப் பார்ப்போம்.

வொர்க் ஃப்ரம் ஹோம் எப்படி வந்தது, எங்கே நிற்கிறது?

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. ஐ.டி. நிறுவனங்கள் சில நாட்களுக்குள் தங்கள் ஊழியர்களை வீட்டுக்கு மாற்ற வேண்டி வந்தது. சென்னை ஓ.எம்.ஆரில் வேலை பார்த்தவர்கள் லேப்டாப்போடு நெல்லைக்கும் மதுரைக்கும் சேலத்துக்கும் திரும்பினார்கள். ஹால், பெட்ரூம், மாடிப்படி என்று கிடைத்த இடமெல்லாம் ஆபீஸ் ஆனது.

அதற்கு முன்பு பி.பி.ஓ. போன்ற சேவை நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்க வைப்பதற்கு தொலைத்தொடர்புத் துறையின் விதிகள் கடுமையாக இருந்தன. 2020 நவம்பரில் அந்த விதிகளை மத்திய அரசு பெரிய அளவில் தளர்த்தியது. சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் உள்ள நிறுவனங்களுக்கான வொர்க் ஃப்ரம் ஹோம் விதிகள் 2022 ஜூலையில் வந்தன.

2020-ல் டி.சி.எஸ். நிறுவனம் '25/25' என்ற திட்டத்தை அறிவித்தது. 2025-க்குள், எந்த நேரத்திலும் 25 சதவீத ஊழியர்கள் மட்டும் ஆபீஸில் இருந்தால் போதும் என்பது அதன் சாரம். ஆனால் 2023 அக்டோபரில் அதே நிறுவனம் வாரம் 5 நாளும் ஆபீஸுக்கு வரச் சொன்னது. இன்ஃபோசிஸ், குறிப்பிட்ட நிலைகளில் உள்ள ஊழியர்களுக்கு மாதம் 10 நாள் ஆபீஸ் என்ற முறையை எடுத்தது.

மொத்தத்தில், முழு வீடும் இல்லை, முழு ஆபீஸும் இல்லை. பல டீம்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. ஒருவர் சென்னை, ஒருவர் பெங்களூரு, ஒருவர் சொந்த ஊர், கிளையன்ட் அமெரிக்கா என்று டீம் சிதறிக் கிடப்பது வழக்கமாகிவிட்டது. அதனால் ஆபீஸுக்கு வந்தாலும், ஹெட்செட் மாட்டிக்கொண்டு வீடியோ காலில் பேச வேண்டிய நிலைதான்.

'ஈடுபாடு' என்றால் என்ன?

ஆன்லைன் ஸ்டேட்டஸில் தெரியும் பச்சைப் புள்ளி ஈடுபாடு அல்ல. மீட்டிங்கில் சரியான நேரத்துக்குச் சேர்வதும் ஈடுபாடு அல்ல.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு டெவலப்பர் தனக்குக் கொடுத்த டிக்கெட்டை முடிக்கும்போது, பக்கத்தில் வேறொரு மாட்யூலில் ஒரு தவறு கண்ணில் படுகிறது. "இது நம்ம வேலை இல்ல" என்று கடந்து போகிறாரா, இல்லை குரூப்பில் "இங்க ஒரு இஷ்யூ இருக்கு, யாராவது பாருங்க" என்று ஒரு வரி போடுகிறாரா? "இதை ஏன் இப்படிப் பண்றோம்?" என்று கேள்வி கேட்கிறாரா? புதிதாக வந்தவருக்கு அரை மணி நேரம் ஒதுக்குகிறாரா?

இந்தக் கூடுதல் அக்கறைதான் ஈடுபாடு. சம்பளப் பட்டியலிலோ, டைம்ஷீட்டிலோ இது தெரியாது. குறையும்போதும் உடனே தெரியாது.

தூரம் இருந்தால் ஈடுபாடு போய்விடுமா?

இங்கேதான் பலர் எதிர்பார்க்காத ஒரு தகவல் இருக்கிறது. கேலப் நிறுவனம் ஆண்டுதோறும் உலக அளவில் ஊழியர்களின் மனநிலை பற்றிய அறிக்கை வெளியிடுகிறது. 2025 அறிக்கைப்படி, உலக அளவில் 21 சதவீத ஊழியர்களே வேலையில் ஈடுபாட்டோடு இருக்கிறார்கள். ஆனால் முழுநேரமும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களிடம் அது 31 சதவீதம்.

அப்படியானால் வீடுதானே நல்லது? அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. வாழ்க்கை நன்றாகப் போகிறதா என்று கேட்டபோது, முழுநேரம் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களில் 36 சதவீதம் பேர்தான் நல்ல நிலையில் இருந்தார்கள். சில நாள் வீடு, சில நாள் ஆபீஸ் என்று இருப்பவர்களில் இது 42 சதவீதம். அதற்கு முந்தைய 2024 அறிக்கையில், முழுநேரம் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களில் 25 சதவீதம் பேர் தனிமையை உணர்வதாகச் சொன்னார்கள். ஆபீஸில் இருப்பவர்களில் 16 சதவீதம்.

அதாவது, வேலை பிடிக்கிறது. ஆனால் வேலை பார்க்கும் மனிதர் தனியாகிப் போகிறார். பிரச்சினை சோம்பேறித்தனம் இல்லை. யாருடைய கண்ணிலும் படாமல் வேலை பார்க்கும் நிலைதான் பிரச்சினை.

மூன்று ஆய்வுகள் சொல்லும் உண்மை

முதல் ஆய்வு சீனாவில் நடந்தது. பயண நிறுவனமான சி-டிரிப், 2010-ல் தன் ஷாங்காய் கால் சென்டர் ஊழியர்களில் விருப்பம் தெரிவித்தவர்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு குழு 9 மாதம் வாரம் 4 நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கோலஸ் புளூம் குழுவினர் இதை ஆய்வு செய்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் உயர்ந்தது. வேலையை விட்டுப் போனவர்கள் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது.

ஆனால் சோதனை முடிந்ததும், வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆபீஸுக்கே திரும்பினார்கள். தனிமை அதற்கு முக்கியக் காரணம். இன்னொரு கசப்பான உண்மையும் தெரிந்தது. ஒரே அளவு திறமை காட்டினாலும், வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைப்பது குறைந்தது. கண்ணில் படாதவர் நினைவிலும் நிற்பதில்லை.

இரண்டாவது ஆய்வும் அதே நிறுவனத்தில்தான். இப்போது அதன் பெயர் டிரிப்.காம். இந்த முறை சாஃப்ட்வேர் இன்ஜினியர்கள், மார்க்கெட்டிங், ஃபைனான்ஸ் ஊழியர்கள் என 1,612 பேர். ஒரு பிரிவினர் வாரம் 2 நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம். 2024-ல் 'நேச்சர்' இதழில் முடிவு வெளியானது. வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. செயல்திறன் மதிப்பீட்டிலோ, பதவி உயர்விலோ பாதிப்பு இல்லை. தொடக்கத்தில் சந்தேகப்பட்ட மேனேஜர்களும் கடைசியில் மனம் மாறினார்கள்.

மூன்றாவது ஆய்வுதான் நம்மூர் ஐ.டி. ஊழியர்களின் அனுபவத்துக்கு நெருக்கமானது. ஆசியாவின் ஒரு பெரிய ஐ.டி. சேவை நிறுவனத்தில் 10,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் தரவுகளை கிப்ஸ், மெங்கல், சீம்ராத் ஆகிய ஆய்வாளர்கள் பார்த்தார்கள். கொரோனா காலத்தில் வேலை நேரம் கூடியது. ஆனால் முடித்த வேலை கூடவில்லை. ஒரு மணி நேரத்துக்கான உற்பத்தித்திறன் 8 முதல் 19 சதவீதம் வரை குறைந்தது.

என்ன காரணம்? ஒருங்கிணைப்புக்கான மீட்டிங்குகள் பெருகின. இடையூறு இல்லாமல் உட்கார்ந்து வேலை பார்க்கும் நேரம் சுருங்கியது. அதே சமயம், மேலாளர் தனியாக உட்கார்ந்து வழிகாட்டும் நேரமும் குறைந்தது. வீட்டில் குழந்தைகள் இருப்பவர்களுக்குச் சுமை இன்னும் அதிகம்.

கூட்டமாகப் பேசும் நேரம் கூடி, ஒருவரோடு ஒருவர் பேசும் நேரம் குறைந்தது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் டீம்களில் முதலில் சரிசெய்ய வேண்டிய இடம் இதுதான்.

டீக்கடையில் நடந்தது என்ன?

ஆபீஸில் மாலை 4 மணி டீ பிரேக் சும்மா அரட்டை போலத் தெரியும். ஆனால் அங்கேதான் "உங்க டீம் அந்த ஏ.பி.ஐ.யை மாத்தறீங்களாமே?" என்ற கேள்வி வரும். அந்த ஒரு கேள்வி இரண்டு வாரப் பிரச்சினையைத் தடுத்திருக்கும்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2020-ன் முதல் 6 மாதங்களில் தன் அமெரிக்க ஊழியர்கள் 61,182 பேரின் தகவல் தொடர்புகளை ஆராய்ந்தது. பெயர், உள்ளடக்கம் எதுவும் பார்க்காமல், யார் எந்தக் குழுவோடு எவ்வளவு தொடர்பில் இருக்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்த ஆய்வு இது. எல்லோரும் வீட்டுக்குப் போனதும், சொந்த டீமுக்குள் நெருக்கம் கூடியது. வேறு டீம்களோடு செலவிட்ட நேரம் சுமார் 25 சதவீதம் குறைந்தது.

ஒவ்வொரு டீமும் தனித்தனித் தீவாக மாறுகிறது என்று இதற்குப் பொருள். புதிய தகவல், வேறு டீமில் காலி இடம், இன்னொருவர் ஏற்கெனவே கண்டுபிடித்த தீர்வு எல்லாம் தீவுக்கு வெளியே நின்றுவிடும்.

அதிகம் இழப்பது ஃப்ரெஷர்கள்தான்

கல்லூரி முடித்து நேராக வீட்டிலிருந்து வேலையில் சேர்ந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். கோடில் ஒரு எரர். ஆபீஸ் என்றால் பக்கத்து சீட் பக்கம் திரும்பி, "அண்ணா, இது ஏன் ஓட மாட்டேங்குது?" என்று கேட்டுவிடலாம். இரண்டு நிமிட வேலை.

வீட்டில்? சாட் பாக்ஸைத் திறந்து, "ஹாய், கேன் ஐ ஆஸ்க் எ டவுட்" என்று டைப் செய்து, "தொந்தரவு பண்றோமோ" என்று யோசித்து, அழித்துவிடுகிறார். மூன்று மணி நேரம் தனியாகப் போராடுகிறார். மாலையில் ஸ்டேட்டஸ் கேட்டால் "இன் புராக்ரஸ்" என்கிறார்.

அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனத்தின் சாஃப்ட்வேர் இன்ஜினியர்களிடம் எமானுவல், ஹாரிங்டன், பல்லே ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வும் இதையே சொல்கிறது. டீமோடு ஒரே கட்டடத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தங்கள் கோட் பற்றி அதிகக் கருத்துகள் கிடைத்தன. இளம் இன்ஜினியர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இந்தப் பலன் அதிகம். ஆனால் சீனியர்களுக்குக் கற்றுக்கொடுப்பதில் நேரம் போவதால், அவர்கள் எழுதும் கோட் குறைந்தது.

சீனியர் வீட்டில் இருந்தால் அவருக்கு லாபம், ஜூனியருக்கு நஷ்டம். அதனால்தான் "எனக்கு வீட்டில் நல்லாதான் வேலை ஓடுது" என்று ஒரு சீனியர் சொல்வது உண்மையாக இருந்தாலும், டீமுக்கு அது முழு உண்மை ஆகாது.

தீர்வு என்ன? புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் 3 மாதம் ஒரு 'பட்டி' கட்டாயம். தினமும் குறிப்பிட்ட நேரத்தில் அரை மணி நேரம் இருவரும் ஸ்கிரீன் ஷேர் செய்து சேர்ந்து வேலை பார்க்கலாம். டவுட் கேட்பதற்கென்றே ஒரு பொது சேனல் திறந்து, அதில் சீனியர்களே முதலில் தங்கள் டவுட்டைப் போட வேண்டும். டீம் லீடே "இது எனக்கும் புரியல, யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டால், ஃப்ரெஷருக்குக் கூச்சம் தானாகப் போய்விடும்.

பார்ப்பது வேறு, கண்காணிப்பது வேறு

ஊழியர் கண்ணில் படாதபோது சில நிறுவனங்கள் எடுக்கும் குறுக்குவழி, கண்காணிப்பு சாஃப்ட்வேர். கீபோர்டு எத்தனை முறை தட்டப்பட்டது, மவுஸ் எவ்வளவு நேரம் நகரவில்லை என்று கணக்கு எடுப்பது.

மைக்ரோசாஃப்ட் 2022-ல் நடத்திய சர்வேயில் 87 சதவீத ஊழியர்கள் தாங்கள் நன்றாக வேலை பார்ப்பதாகச் சொன்னார்கள். ஆனால் 85 சதவீத தலைமைப் பொறுப்பாளர்கள், ஹைபிரிட் முறையில் ஊழியர்கள் உழைக்கிறார்கள் என்று நம்புவது கஷ்டமாக இருப்பதாகச் சொன்னார்கள். இந்தச் சந்தேக நோய்க்கு அந்த நிறுவனம் வைத்த பெயர், 'புரொடக்டிவிட்டி பாரனோயா'.

சந்தேகப்பட்டால் என்ன ஆகும்? மவுஸைத் தானாக அசைக்கும் 'மவுஸ் ஜிக்லர்' என்ற சின்னக் கருவிகள் சந்தைக்கு வந்தன. 2024-ல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்டு தட்டுவதுபோலப் போலியாகக் காட்டியதாக ஒரு டஜனுக்கும் மேற்பட்ட ஊழியர்களை நீக்கிய செய்தி உலகம் முழுவதும் பேசப்பட்டது.

கீபோர்டு தட்டுவதை எண்ணினால், ஊழியர் கொடுப்பதும் கீபோர்டு தட்டுவதாகத்தான் இருக்கும். ஒரு சிக்கலான பக்-ஐ யோசித்துக்கொண்டு மொட்டைமாடியில் நடப்பவர், அந்தக் கணக்கில் வேலை பார்க்காதவர்.

அதற்குப் பதில், வேலையைப் பார்க்கலாம். இந்த வாரம் என்ன முடிய வேண்டும் என்று இருவரும் பேசி முடிவு செய்வது. முடிந்ததும் அதைப் படித்து, "அந்த கேஷிங் பகுதியை நல்லா பண்ணியிருக்க, ஆனா டெஸ்ட் கேஸ் ரெண்டு குறையுது" என்று குறிப்பாகச் சொல்வது. வெறும் "குட் ஜாப்" யாருக்கும் ஒட்டாது. தன் கோடை ஒருவர் உண்மையில் படித்தார் என்று தெரிவதுதான் ஒட்டும்.

மீட்டிங் களைப்பு ஏன் வருகிறது?

நாள் முழுக்க நாற்காலியில்தான் உட்கார்ந்தோம், ஆனால் மாலையில் அடித்துப் போட்டதுபோல இருக்கிறதே என்று பலர் நினைப்பதுண்டு. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-ல் வீடியோ கால் களைப்புக்கு 4 காரணங்களைச் சொன்னார்.

1. திரையில் முகங்கள் மிக அருகில், இடைவிடாமல் நம்மையே பார்ப்பதுபோல இருப்பது.

2. நம் முகத்தையே நாம் பார்த்துக்கொண்டிருப்பது.

3. எழுந்து நடக்க முடியாமல் ஒரே இடத்தில் இருப்பது.

4. தலையசைப்பு, கண் ஜாடை போன்றவற்றைப் புரிந்துகொள்ள மூளை அதிகம் உழைப்பது.

அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் ஆய்வகம் 14 பேரின் மூளை அலைகளைப் பதிவு செய்தது. அடுத்தடுத்து மீட்டிங் வைத்தபோது அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. நடுவில் 10 நிமிட இடைவெளி விட்டபோது ஏறவில்லை.

இந்தியாவில் இதோடு இன்னொரு சிக்கல். அமெரிக்காவின் நியூயார்க் நேரத்துக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரம் வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம். கலிஃபோர்னியா என்றால் பன்னிரண்டரை, பதின்மூன்றரை. காலையில் உள்ளூர் ஸ்டாண்ட-அப், இரவு கிளையன்ட் கால் என்று நாள் இரண்டு பக்கமும் இழுபடுகிறது. ஆபீஸில் இருந்தால் கேப் வந்து நிற்கும். "கேப் வந்துடுச்சு" என்று எழுந்து போகலாம். வீட்டில் அந்த முடிவுக்கோடு இல்லை.

பிரான்ஸில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை சட்டமாக இருக்கிறது. இந்தியாவில் இதற்காக எம்.பி. சுப்ரியா சுலே 2018-ல் மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். ஆனால் அது சட்டமாகவில்லை. அதனால் இங்கே டீம்தான் தனக்கான விதியை வகுத்துக்கொள்ள வேண்டும்.

அரை மணி மீட்டிங்கை 25 நிமிடமாகவும், ஒரு மணி நேர மீட்டிங்கை 50 நிமிடமாகவும் மாற்றலாம். இரவு காலுக்கு எல்லோரும் வராமல் முறை வைத்து வரலாம். இரவு 10 மணிக்குக் காலில் இருந்தவர், மறுநாள் காலை ஸ்டாண்ட-அப்புக்கு வராமல் எழுத்தில் ஸ்டேட்டஸ் போட்டால் போதும் என்று சொல்லிவிடலாம்.

எழுதி வைப்பது ஏன் முக்கியம்?

கிட்லேப் என்ற சாஃப்ட்வேர் நிறுவனத்துக்குத் தலைமை அலுவலகமே கிடையாது. தொடக்கத்திலிருந்தே ஊழியர்கள் பல நாடுகளில், அவரவர் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறார்கள். 2021-ல் அமெரிக்கப் பங்குச் சந்தையிலும் பட்டியலிடப்பட்டது. அந்த நிறுவனத்தின் விதிகள், முடிவுகள், வேலைமுறைகள் எல்லாம் ஒரு கையேட்டில் எழுதி, இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வைக்கப்பட்டிருக்கின்றன.

இதற்கும் ஈடுபாட்டுக்கும் என்ன சம்பந்தம்? முடிவுகள் ஆபீஸ் கேன்டீனிலோ, தனி சாட்டிலோ எடுக்கப்பட்டால், வீட்டில் இருப்பவருக்கு அது கடைசியாகத்தான் தெரியும். "எல்லாம் முடிவு பண்ணிட்டு நம்மகிட்ட சொல்றாங்க" என்ற எண்ணம் வந்தால், அவர் அடுத்த முறை யோசனை சொல்ல மாட்டார்.

எதை மாற்றப்போகிறோம், ஏன், என்ன மாற்று வழிகள் இருந்தன என்று ஒரு பக்கம் எழுதி, முடிவெடுக்கும் முன் டீமுக்கு அனுப்புங்கள். 2 நாள் அவகாசம் கொடுங்கள். மீட்டிங்கில் வாய் திறக்காதவர்கள் எழுத்தில் நல்ல கேள்விகள் கேட்பதுண்டு. ஆங்கிலத்தில் சட்டென்று பேசத் தயங்குபவர்களுக்கு இது பெரிய உதவி.

மேனேஜர் செய்ய வேண்டிய ஒரே ஒரு விஷயம்

எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது: ஒவ்வொருவரோடும் தனித்தனியாக, வாரம் ஒருமுறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 25 நிமிடம் பேசுவது. மூன்றாவது ஆய்வில் குறைந்துபோனதும் இதுதான்.

இது ஸ்டேட்டஸ் கேட்கும் நேரம் இல்லை. ஸ்டேட்டஸ் ஜிராவிலேயே இருக்கிறது. கேட்க வேண்டியவை வேறு:

- இந்த வாரம் எந்த வேலை பிடிச்சுது, எது சலிப்பா இருந்துச்சு?

- எங்கயாவது மாட்டிக்கிட்டு யார்கிட்டயும் கேக்காம இருக்கீங்களா?

- வேற எந்த டீமோட வேலை பண்ண ஆசை?

- போன முறை சொன்னதுல நான் எதைச் செய்யாம விட்டுட்டேன்?

கடைசிக் கேள்விதான் முக்கியம். போன முறை ஊழியர் சொன்னதில் ஒன்றாவது நடந்திருந்தால்தான், இந்த முறை அவர் மனம் திறந்து பேசுவார். மேனேஜர் இந்தச் சந்திப்பைத் தொடர்ந்து இரண்டு முறை ரத்து செய்தால், "நமக்கு அவ்ளோதான் மரியாதை" என்று ஊழியர் எடுத்துக்கொள்வார்.

ஆனால் மேனேஜர்களின் நிலையும் கவலைதான். கேலப் 2025 அறிக்கையில் உலக அளவில் மேனேஜர்களின் ஈடுபாடு 30-லிருந்து 27 சதவீதமாகக் குறைந்தது. ஒருவர் கீழ் 20 பேர் இருந்தால் தனித்தனியாகப் பேசுவது நடக்காத காரியம். அதைச் சரிசெய்வது நிறுவனத்தின் பொறுப்பு.

ஃபன் ஃப்ரைடே உதவுமா?

வெள்ளி மாலை 5 மணிக்கு ஆன்லைன் தம்போலா, கட்டாயம் கேமரா ஆன். பல ஐ.டி. ஊழியர்களுக்கு இது பழக்கம். ஆனால் வாரம் முழுக்க யாரும் பேசாத டீமில், இதுவும் இன்னொரு மீட்டிங்காகவே தெரியும்.

விளையாட்டு கூடாது என்றில்லை. நிகழ்ச்சி வேலை நேரத்துக்குள் நடக்க வேண்டும், விருப்பம் இருந்தால் மட்டும் வரலாம் என்று இருக்க வேண்டும். வேறு டீமில் உள்ள ஒருவரோடு மாதம் ஒருமுறை 15 நிமிட டீ கால் ஏற்பாடு செய்வது, பெரிய நிகழ்ச்சியைவிட அதிகம் பயன் தரலாம். டீ பிரேக்கில் தொலைந்துபோன தொடர்பை அது ஓரளவு மீட்கும்.

வீட்டின் நிலவரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்

தனி அறை, நல்ல நாற்காலி, இன்வெர்ட்டர், இரண்டு இணைய இணைப்பு எல்லோருக்கும் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று காலை 9 முதல் மாலை வரை கரண்ட் இருக்காது. இது தெரிந்த விஷயம் என்பதால், டீம் காலண்டரில் முன்கூட்டியே குறித்துவிட்டால் யாரும் பயந்து மன்னிப்பு கேட்க வேண்டியதில்லை.

பெண் ஊழியர்களின் நிலை இன்னும் நுட்பமானது. "வீட்லதானே இருக்கா" என்று சமையல், விருந்தினர், குழந்தையின் ஹோம்வொர்க் எல்லாம் வேலை நேரத்துக்குள் நுழைகின்றன. இன்னொரு பக்கம், வீட்டிலிருந்து வேலை என்பதால்தான் பலரால் திருமணம், குழந்தைப்பேறுக்குப் பிறகும் வேலையைத் தொடர முடிகிறது. டிரிப்.காம் ஆய்விலும், 2 நாள் வீடு என்ற வசதியால் வேலையை விடாமல் இருந்தவர்களில் பெண்களும், நீண்ட தூரம் பயணம் செய்பவர்களும் முக்கியமானவர்கள்.

எனவே கேமரா கட்டாயம் என்ற விதி வேண்டாம். அப்ரைசல் சமயத்தில், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களின் பெயர்களைத் தனியாக எடுத்து, "இவர் செய்ததில் எதையாவது மறந்துவிட்டோமா?" என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நடுவழி ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. வாரம் 2 அல்லது 3 நாள் ஆபீஸ். ஆனால் டீம் முழுவதும் ஒரே நாளில் வர வேண்டும். ஒருவர் திங்கள், இன்னொருவர் புதன் என்று வந்தால், டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம் போய், காலி ஹாலில் உட்கார்ந்து வீடியோ கால் பேசும் கதைதான். வரும் நாளில் டிசைன் விவாதம், ஃப்ரெஷர் பயிற்சி, சேர்ந்து சாப்பிடுவது. தனியாக யோசித்து கோட் எழுதுவது வீட்டில்.

இன்னொரு வழி, ஆபீஸை ஊழியருக்குப் பக்கத்தில் கொண்டுபோவது. ஜோஹோ நிறுவனம் 2011-லேயே தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. பின்னர் சின்னச் சின்ன ஊர்களிலும் கிளைகளைத் தொடங்கியது. தமிழ்நாடு அரசின் மினி டைடல் பூங்காக்கள் 2024-ல் விழுப்புரம், சேலம், தஞ்சாவூர், தூத்துக்குடியில் திறக்கப்பட்டன. வீட்டுச் சாப்பாடும் கிடைக்கும், பக்கத்து சீட்டில் டவுட் கேட்க ஆளும் இருக்கும்.

ஊழியர்கள் தங்கள் பக்கம் என்ன செய்யலாம்?

- அரை மணி நேரம் முயன்றும் ஒரு பிரச்சினை தீரவில்லை என்றால் பொது சேனலில் கேளுங்கள். என்னென்ன முயன்றீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

- வெள்ளிக்கிழமை 5 வரி எழுதி வையுங்கள்: என்ன முடித்தோம், யாருக்கு உதவினோம், என்ன கற்றோம். அப்ரைசல் நேரத்தில் இதுதான் கைகொடுக்கும்.

- வேலை முடிந்ததும் லேப்டாப்பை மூடி வேறு இடத்தில் வையுங்கள். தெரு முனை வரையாவது ஒரு நடை போய் வாருங்கள்.

- தூக்கம் வரவில்லை, எதிலும் ஆர்வம் இல்லை என்ற நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். 'டெலி மானஸ்' என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.

நாளைக் காலையே என்ன மாற்றலாம்?

மீண்டும் அந்த 9.30 ஸ்டாண்ட-அப்புக்கு வருவோம். ஸ்டேட்டஸை எல்லோரும் முன்பே எழுதிவிடட்டும். மீட்டிங்கில் ஒரே கேள்வி போதும்: "இன்னைக்கு யாருக்கு யாரோட உதவி வேணும்?"

முதல் நாள் அமைதிதான் பதிலாக வரும். இரண்டாம் நாள் டீம் லீட் தன் பிரச்சினையைச் சொல்லட்டும். அந்த வாரக் கடைசியில், இதுவரை 'நோ பிளாக்கர்ஸ்' என்று மட்டும் சொன்ன ஒருவர், "அக்கா, அந்த லாகின் மாட்யூல்ல ஒரு டவுட்டு, மீட்டிங் முடிஞ்சதும் 10 நிமிஷம் பேசலாமா?" என்று மைக்கை ஆன் செய்யலாம்.

அந்த 10 நிமிடத்தைத் தள்ளிப்போடாமல் கொடுத்துவிட வேண்டும். மூன்று மாதம் கழித்து வரக்கூடிய அந்த ராஜினாமா மெயிலைத் தடுக்க, மேனேஜர் கையில் இருக்கும் மலிவான வழி அதுதான்.